விரதத்தின்போது என் இடத்தில் நின்றவர்

என் மனைவி வேண்டிக்கொண்டாள். காவடி எடுக்க வேண்டியவன் நான். நம் வீடுகளில் இது ஒன்றும் புதிதல்ல. அம்மா வேண்டிக்கொள்வாள், பிள்ளைக்கு மொட்டை விழும். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில், தாத்தாவான பிறகு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தோளை முருகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்தபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

நவம்பர் மாதம். தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“இந்தத் தைப்பூசத்துக்கு நீங்க பால் காவடி எடுக்கணும். வேண்டிக்கிட்டேன்.”

“எதுக்கு?”

“வெளிய சொன்னா பலிக்காது.”

அந்த வருடம் நடுவில் அவளுக்கு மார்பில் ஒரு கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லும் வரை நாங்கள் இருவரும் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். வேண்டுதல் அதற்காகத்தான், வேறென்ன இருக்கப்போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்காக என்றால் உடம்பெல்லாம் அலகு குத்திக்கொள்ளவும் தயாராக இருந்திருப்பேன். பால் காவடியோடு விட்டாளே என்று நிம்மதிப்பட்டேன்.

காவடியைத் தூக்கிவிடலாம். விரதம்தான் உதைத்தது. ஒரு மண்டலம் விரதம் இருக்க வேண்டுமென்றால் டிசம்பர் நடுவிலேயே தொடங்கிவிட வேண்டும். கவிச்சி கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய். குடிக்கக் கூடாது; குடிக்கிற இடத்தில் போய் நிற்கவும் கூடாது. நான் பிழைப்பதே குடிக்கிற இடத்தில் நின்றுதான்.

நான் கிட்டார் வாசிப்பவன். அதிலும் ஃபங்க் கிட்டார். அது என்ன என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கிக் களைத்துவிட்டேன். ராக் வாசிப்பவன் மேடையின் முன்னால் வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தனியாக வெளுத்துவாங்குவான். எங்களுக்கு அந்தச் சுகமெல்லாம் இல்லை. டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாட்டு முழுக்க ஒரே கார்டை, அதாவது ஒரே சுரக்கூட்டை, வாசிக்க வேண்டும். வலது கை நிற்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். இடது கை கம்பிகளை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டிருப்பதால் முக்கால்வாசி அடிகள் ஊமையாகிச் சிக்குச் சிக்கென்று மட்டும் கேட்கும். நடுவில் எப்போதாவது விரலை அழுத்தினால் ஒரு சுரம் தெறித்து வரும். தாளத்தின் முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும். அது தப்பினால் மன்னிப்பே கிடையாது. மற்ற அடிகளில் எதை வாசிப்பது, எதை விடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒரு கல்யாணத்தில் என் சித்தப்பா மகன் கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, “எப்பண்ணே வாசிக்க ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டான். நல்ல பையன்தான், ஆனாலும் நான் அவனோடு ரொம்ப நாள் பேசவில்லை.

வீட்டில் ஆம்ப்ளிஃபையர் போடாமல் பழகுவேன். அப்போது அது தேங்காய் துருவுகிற சத்தம் போலக் கேட்கும். “துருவி முடிச்சிட்டீங்கன்னா சாப்பிட வாங்க” என்பாள் என் மனைவி.

நான் பிறந்தது தஞ்சோங் பகாரில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் யாரும் ஆர்மோனியம்கூடத் தொட்டதில்லை. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சியில் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரன் வைத்திருந்த ஒரு கேசட்டில்தான் ஃபங்க் முதலில் காதில் விழுந்தது. எல்லோரும் பாடகரைக் கேட்டுத் தலையாட்டினார்கள். எனக்கோ, பாட்டுக்கு உள்ளே எங்கோ ஒருவன் ஒரே இடத்தை விடாமல் கிள்ளிக்கொண்டிருந்தது கேட்டது. யார் இவன், ஏன் இவனை யாரும் கவனிக்கவில்லை என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவில்லை. பகலில் துவாஸ் கப்பல் பட்டறையில் மின்கம்பி வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதிகளில் ஹோட்டல்களில் வாசித்தேன். பிறகு பட்டறையை விட்டேன். பயணக் கப்பல், கம்பெனிகளின் வருடாந்திர விருந்து, கல்யாண விருந்தில் சினிமாப் பாட்டு என்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். கோவிட் காலத்தில் மேடையில் வாசிக்கவே தடை வந்தபோது காய்கறி வேன் ஓட்டினேன். தடை நீங்கிய வாரமே திரும்பிப் போய் என் இடத்தில் நின்றேன்.

அந்த இடம் ஆற்றோரத்தில் ஒரு ஹோட்டலின் பார். வெள்ளியும் சனியும் மாலை ஆறரைக்குத் தொடங்குவோம். பாடகி, டிரம்ஸ், கீபோர்டு, அடிச்சுரம் வாசிக்கும் பேஸ், நான், ஆக ஐந்து பேர். பேஸ் வாசிக்கும் சீனர்தான் எங்கள் தலைவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதிகம் பேச மாட்டார். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலமும் சந்தை மலாயும் கலந்த ஒன்று. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் மனைவி காவடி விஷயத்தைச் சொல்வதற்குச் சில நாள் முன்புதான் அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“புது மேனேஜர் ஐந்து பேர் வேண்டாம், நாலு பேர் போதும் என்கிறான். சீனப் புத்தாண்டுக்குப் பிறகுதான் புது ஒப்பந்தம். அதுவரை கேட்டுப் பார்த்து முடிவு சொல்வானாம்.”

“நாலு என்றால் கிட்டாரைத்தான் எடுத்துவிடுவான்.”

“ஆமாம்” என்றார் அவர். பூசி மெழுகுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

எனக்கும் கணக்குத் தெரியும். பாடகி இல்லாமல் பார் இல்லை. டிரம்ஸும் பேஸும் இல்லாமல் ஃபங்க் இல்லை. கிட்டாரின் சத்தத்தையோ கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி ஓரளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். குடித்துக்கொண்டே கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கிட்டார் இல்லாவிட்டால் பாட்டில் எங்கோ ஒரு துடிப்பு குறையும், அவ்வளவுதான். எது குறைகிறது என்று அவர்களால் சொல்ல முடியாது. அந்த மேனேஜராலும் முடியாது.

இந்த நிலையில்தான் டிசம்பர் நடுவிலிருந்து தைப்பூசம் வரை நான் பாருக்குள் நுழையக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

சண்டை போட்டேன். “கிறிஸ்மஸ், புத்தாண்டு எல்லாம் இதுக்குள்ள வருது. இப்பப் போய் லீவு எடுத்தா என் வேலை போயிடும், தெரியுமா?”

“போகாது” என்றாள்.

“நான் என்ன குடிக்கவா போறேன்? ஓரமா நின்னு வாசிச்சிட்டு வரப்போறேன்.”

“பீர் வாடையில நின்னுட்டு வந்து காவடியத் தொடுவீங்களா?” என்று கேட்டுவிட்டுக் குக்கரை மூடினாள். அத்தோடு விசாரணை முடிந்தது.

எங்கள் தொழிலில் ஒருவர் வர முடியாவிட்டால் தனக்குப் பதிலாக ஓர் ஆளை அவரே அனுப்ப வேண்டும். சப் என்போம். இதற்கு எங்கும் எழுதி வைக்காத சில ஒழுங்குகள் உண்டு. சப்பாக வந்தவர் அந்த இடத்துக்கு ஆசைப்படக் கூடாது. ஹோட்டல்காரரிடம் தன் தொலைபேசி எண்ணைக் கொடுக்கக் கூடாது. அனுப்புகிறவர் பக்கமும் ஒரு சூட்சுமம் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: உன்னைவிட ஒரு படி குறைந்தவரை அனுப்பு. ரொம்ப மோசமாக இருந்தால் உன் பேர் கெடும். ரொம்ப நன்றாக இருந்தால் நீ திரும்பி வர வேண்டியிருக்காது. ஒரு படி குறைந்தவர் என்றால், நீ திரும்பி வரும்போது எல்லோரும் மூச்சு விடுவார்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்துவந்தேன். எனக்கு அனுப்பவென்றே ஒரு சிநேகிதர் இருந்தார். அவருக்கு அனுப்ப நான் இருந்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்து அனுப்பினார் என்று நான் கேட்டதில்லை.

இந்த முறை அந்தச் சூட்சுமம் வேலைக்கு ஆகாது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு படி குறைந்தவர் போய் நின்றால், கிட்டாரே தேவையில்லை என்று மேனேஜர் முடிவு கட்டிவிடுவான். கிட்டாருக்கு அங்கே இடம் நிலைக்க வேண்டுமென்றால் என்னைவிட நல்லவரை அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் இடம் இருக்கும், நான் இருப்பேனா என்பது வேறு கதை. இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க என் மனைவி மேல் கோபம்தான் வளர்ந்தது.

கடைசியில் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் ஒரு பெண்மணிக்குத் தொலைபேசி செய்தேன். நாற்பதை ஒட்டிய வயது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். அங்கே எப்போதும் மெதுவாக வாசிக்கச் சொல்வார்களாம். முந்தைய வருடம் ஒரு கல்யாண விருந்தில் இரண்டு பாட்டுக்கு மட்டும் ஃபங்க் வாசித்தார். அன்று நான் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அப்படி ஒரு வலது கை வேறு யாருக்கும் இல்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி டீ கொடுத்தாள். பாட்டுகளின் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

“அண்ணே, உங்க மாதிரியே வாசிக்கணுமா? இல்ல நான் வாசிக்கிற மாதிரி வாசிக்கலாமா?”

சப்பிடம் இதற்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். என் மாதிரி வாசியுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதில் தொண்டை வரைக்கும் வந்தது.

“உங்க மாதிரியே வாசிங்க” என்றேன்.

“கன்ஃபர்மா? பின்னால திட்டக் கூடாதுலா.”

“திட்ட மாட்டேன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விரதம் தொடங்கியது. காலையில் குளிர்ந்த நீரில் குளித்து, திருநீறு பூசி, சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய் வருவேன். தாடி வளர்ந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் என் தாடியைப் பார்த்துவிட்டு, இந்த மாடியில் இருந்த பாட்டுக்காரன் எங்கே போனான் என்று கேட்டார். கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மாலை நான் பாயில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பாரில் எல்லோரும் எழுந்து ஆடத் தொடங்கியிருப்பார்கள். கோவிட் காலத்தைத் தவிர இத்தனை வருடத்தில் அந்த நாளில் நான் வீட்டில் இருந்ததே இல்லை என்பதால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாசிர் ரிஸ்காரர் ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் ஒழுங்காகச் செய்தி அனுப்பினார். “எல்லாம் ஓகே அண்ணே.” பேஸ் வாசிப்பவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானாகக் கேட்டதற்கு, “நன்றாக வாசிக்கிறார்” என்று மட்டும் பதில் வந்தது. அவர் அப்படி ஒருவரைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னைப் பற்றிக்கூடச் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. கோயிலிலிருந்து நேராக வீட்டுக்குப் போகாமல் எம்ஆர்டி ரயில் பிடித்து ஆற்றோரத்துக்குப் போனேன். பாருக்குள் போகக் கூடாது, சரி. ஆற்றின் மேல் நடைபாலம் இருக்கிறதே, அதில் நிற்க முருகனுக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும் என்று வழியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். பாரின் கண்ணாடிக் கதவுகளை மாலையில் திறந்து வைத்துவிடுவார்கள். பாலத்தின் நடுவில் நின்றால் எல்லாம் துல்லியமாகக் கேட்கும்.

மஞ்சள் வேட்டி, தாடி, நெற்றி நிறைய திருநீறு. ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். எடுங்கள் என்றேன். அவர் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு தொடங்கிவிட்டது.

எனக்கு ரொம்பப் பழக்கமான பாட்டு. அதில் முதல் சரணம் முழுக்க நான் விடாமல் சிக்குச் சிக்கென்று ஓட்டிக்கொண்டே போவேன். பாசிர் ரிஸ்காரரோ முதல் அடியில் எல்லோரோடும் விழுந்தார். அப்புறம் ஒன்றுமே வாசிக்கவில்லை. தாளம் தப்பிவிட்டாரோ என்று பயந்தே போனேன். நாலாவது அடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு சுரத்தைத் தெறிக்கவிட்டார். மறுபடி ஒன்றுமில்லை. அந்தக் காலி இடத்தில் பேஸ் கேட்டது. அந்தச் சீனர் அங்கே ஒரு சின்ன நெளிவு வாசிக்கிறார். பக்கத்திலேயே இத்தனை வருடம் நின்ற எனக்கு அது கேட்டதே இல்லை. என் சத்தம் அதன் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கதவோரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடிக் குவளைகளை வைத்துவிட்டு ஆட எழுந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. விரதத்தில் காலி வயிறு, எரிவதற்குத் தோதாக இருந்தது. கூடவே, இன்னும் ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போகலாம் என்றும் இருந்தது. அப்படிச் சொல்லிச் சொல்லி இடைவேளை வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை அவர் மாதிரி வாசித்துப் பார்த்தேன். முதல் அடி சரியாக வந்தது. அடுத்து கையை நிறுத்த வேண்டும். நிற்கவில்லை. மனதில் நிறுத்து என்று சொல்கிறேன், கை தன் பாட்டுக்கு மேலும் கீழும் போய்வருகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் முயன்றேன், அதற்கு அடுத்த நாளும். எனக்கு வராது என்பது அந்த வாரம் தெளிவாகிவிட்டது. அடிகளை நிரப்புகிறவன் நான். நன்றாகவே நிரப்புகிறவன். ஆனாலும் அந்தப் பாட்டுக்கு அது தேவையில்லை.

பொங்கல் முடிந்து பாசிர் ரிஸ்காரர் கூப்பிட்டார். குரலில் கொஞ்சம் சங்கடம்.

“அண்ணே, மேனேஜர் என் நம்பர் கேட்டாருலா. நான் குடுக்கல. நான் சப்தான், அது அண்ணன் இடம்னு சொல்லிட்டேன். வேற யாராச்சும் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது, அதான் நானே சொல்றேன்.”

“நீங்க குடுத்திருக்கலாமே” என்றேன்.

“சும்மா சொல்லாதீங்க. நீங்க எனக்குச் செஞ்சிருப்பீங்களா?”

செய்திருக்க மாட்டேன். அந்த வாரப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பேஸ் வாசிப்பவர் கூப்பிட்டார். வழக்கம் போல நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“ஐந்து பேர்தான். கிட்டாரை எடுக்கவில்லை. கிட்டாரை எடுத்துவிட்டால் நான் முட்டாள் என்று மேனேஜரே சொன்னான்.”

“நல்லது.”

“அந்தப் பெண்தானே ஒப்பந்தத்தில் இருப்பார் என்று கேட்டான். இல்லை, அது உன் இடம் என்றேன். உன் இடம்தான். நீ சொல்வதுதான் முடிவு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நாளை காவடி இல்லையா? முடித்துவிட்டுச் சொல்” என்றார்.

மனைவியிடம் எதுவும் சொல்லாமல் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை சிராங்கூன் சாலையில் காவடியைத் தோளில் ஏற்றினார்கள். மரக் காவடி, இரண்டு பக்கமும் பால் செம்பு, மேலே மயில் பீலி. முதலில் லேசாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் தோளில் உட்கார ஆரம்பித்தது. வழியில் சில இடங்களில் உருமியும் தவிலும் வாசித்தார்கள், மற்ற இடங்களில் “வேல் வேல்” என்ற குரல் மட்டும். தார் சாலை சுட்டது. என் மனைவி கையில் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்திலேயே வந்தாள். அந்த இடத்தை என்ன செய்வது என்று நடந்துகொண்டே முடிவு செய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நடக்கிறபோது ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. உண்மையைச் சொன்னால், பல மாதத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதியான நேரம் அது.

டேங்க் ரோடு கோயிலில் பால் ஊற்றி, காவடியை இறக்கிய பிறகு, வெளியே கூடாரத்தின் ஓரமாக உட்கார வைத்தார்கள். யாரோ மோர் கொடுத்தார்கள். மனைவி என் எதிரில் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்து, ஈரத் துண்டால் துடைத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

“பேண்டுலேர்ந்து போன் வந்துச்சா?” என்றாள்.

“நேத்து வந்துச்சு. அஞ்சு பேர்தானாம். கிட்டார எடுக்கல.”

துண்டைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. “இப்பச் சொல்லலாம்” என்றாள். “அதுக்குத்தான் வேண்டிக்கிட்டேன்.”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. “ஆபரேஷனுக்கு இல்லையா?”

“அதுக்கு நான் அப்பவே அர்ச்சனை பண்ணி முடிச்சிட்டேன். என்னை டாக்டர் பாத்துக்கிட்டாரு. உங்க வேலைய யாரு பாத்துக்குவா? அன்னிக்குப் போன்ல பேசிட்டு, சோத்துல கைய வச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தீங்க. வேன் ஓட்டினப்பகூட நீங்க அப்படி உக்காந்து நான் பாக்கல. மறுநாளே போயி முருகன்கிட்டச் சொல்லிட்டேன். கிட்டார எடுக்கக் கூடாது, அவரு வந்து காவடி எடுப்பாருன்னு.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு. எந்த இடத்தைக் காப்பாற்ற என்னை அந்த இடத்துக்கே போக விடாமல் தடுத்தாளோ, அந்த இடம் நான் போகாததால்தான் பிழைத்திருக்கிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? மோரைக் குடித்து முடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சப் ஒழுங்கு, பாலத்தில் நின்றது, மேனேஜர் கேட்டது, என் கை நிற்காதது, எல்லாம்.

அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“அன்னிக்கு வந்தாங்களே, அவங்க உங்களவிட நல்லா வாசிக்கிறாங்களா? நெத்தியில திருநீறு இருக்கு, உண்மையச் சொல்லுங்க.”

“ஆமா” என்றேன். “ரொம்ப.”

சொன்ன பிறகுதான் முடிவெடுத்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து பேஸ் வாசிப்பவரைக் கூப்பிட்டு, புது ஒப்பந்தத்தில் அந்தப் பெண்மணியின் பெயரைப் போடச் சொன்னேன். பின்னால் மேளச் சத்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. “சீனப் புத்தாண்டு வரை நீ வந்து வாசி” என்றார் அவர். “வந்துதான் ஆக வேண்டும்.” அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

மனைவி என் இன்னொரு பாதத்தை எடுத்து மடியில் வைத்தாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். துடைத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அப்ப நான் ஒரு தடவகூடக் கேக்காமலே முடியப்போவுதா?”

கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டுக்கு நான் வாசித்ததை அவள் கேட்டிருக்கிறாள். ஆற்றோரத்தில் அந்த நாலு பேரோடு நின்று நான் என்ன செய்தேன் என்பதைக் கேட்டதே இல்லை. பாரில் அவள் காலெடுத்து வைக்க மாட்டாள், நானும் கூப்பிட்டதில்லை. தான் கேட்டே இராத ஒன்றுக்காக அவள் முருகனிடம் போய் நின்றிருக்கிறாள்.

“இன்னும் ரெண்டு வாரம் இருக்கு” என்றேன்.

“பாருக்குள்ள நான் வர மாட்டேன்.”

“தெரியும்.”

துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்து, எனக்கும் கை கொடுத்தாள்.

“நீங்க அந்தப் பாலத்துல எங்க நின்னீங்க?” என்றாள். “வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு ஆரம்பிப்பீங்க?”